வாத்துப் பெட்டி

மூன்றாவது மதகைத் தாண்டும்போது இடது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாய்க்காலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. வரவேண்டிய காலத்தில் வராமல் மூன்று மாதம் கழித்து வந்த தண்ணீர். கரை மண் வழுக்கியது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இன்னும் ஒரு மணி நேர நடை இருந்தது. பையில் ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு துண்டு. எனக்கு வயது பதின்மூன்று. திரும்பிப் பார்த்தால் எங்கள் ஊர்த் தென்னைகள் தெரியும் என்பதால் திரும்பவில்லை.

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு நடை இருக்கும். நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், எந்த வயசில் வீட்டை விட்டாய் என்று கேட்காமல் இருப்பதில்லை. அதன் பிறகு நான் வேதாரண்யம் உப்பளத்திலிருந்து கிளம்பியிருக்கிறேன், திருப்பூர்ச் சாயப்பட்டறையிலிருந்து கிளம்பியிருக்கிறேன், சூரத்தில் ஒரு நெசவு மில்லிலிருந்து சம்பளம் வாங்காமலே கிளம்பியிருக்கிறேன். அதெல்லாம் சொல்லலாம். முதல் முறை எதற்காகக் கிளம்பினேன் என்பதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஊரில் சிரித்தார்கள். குழந்தைகள் விளையாடுகிற ஒரு பொம்மைக்காக எட்டு மா நிலத்தை விட்டவன் என்றுதான் என் அப்பாவை இன்றைக்கும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அது சரியில்லை.

அந்த வருஷம் சித்திரையில் அப்பா என்னைக் கும்பகோணத்துக்குக் கூட்டிப்போனார். நாங்கள் உழுத எட்டு மாவின் சொந்தக்காரர் அங்கே இருந்தார். எட்டு மா என்றால் இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. அப்பாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்த குத்தகை. எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்து எதுவும் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு முறை அப்பா அங்கே போவார். போகும்போது கொல்லையில் காய்த்தது எதையாவது எடுத்துக்கொள்வார். அன்றைக்கு ஒரு பெரிய பூசணிக்காய். டவுன் பஸ்ஸில் அதை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது தொடை மரத்துப் போயிருந்தது.

வழக்கமாக அப்பா பின்கட்டு வழியாகப் போய், மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிற்பார். யாராவது வந்து காயை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அன்றைக்கு நிலத்துக்காரரே முன்வாசலில் நின்றார்.

"உள்ள வா. ஏன் அங்கேயே நிக்கறே?"

"இருக்கட்டுங்கய்யா. காலெல்லாம் புழுதி."

"எந்த ஊர்ப் புழுதி? நம்ம வயல் புழுதிதானே. வா, வா."

அப்பா இந்த வார்த்தையை அதன் பிறகு பல பேரிடம் சொல்லிக் காட்டியிருக்கிறார். நம்ம வயல் புழுதிதானே. கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். அப்பா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். பித்தளை டவராவில் காப்பி வந்தது. அப்பா அண்ணாந்து குடித்தார். நான் வாய் வைத்துக் குடித்துத் தொலைத்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் காப்பி கசந்தது.

நிலத்துக்காரரின் மகள் வீட்டார் சிங்கப்பூரிலிருந்து வந்து திரும்பியிருந்தார்கள். அவருடைய பேரனுக்கு நாலு வயது. அவன் விட்டுப்போன ஒரு சின்னப் பெட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளங்கை அகலம், மேலே சாம்பல் நிறக் கண்ணாடி, கீழே இரண்டு சிவப்புப் பொத்தான்.

"வச்சுக்கோ. அவனுக்கு அலுத்துப் போச்சு."

கண்ணாடிக்குள் ஒரு வாய்க்கால். இடது கரையில் ஒரு தாய் வாத்து நிற்கும். குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வலது கரைக்குப் போகவேண்டும். நடுவில் மூன்று இடத்தில் பாலம் இல்லை. பலகை பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்பான். பொத்தானை அமுக்கி அவனை நகர்த்தி, குஞ்சு வரும் இடத்தில் பலகையை நீட்டவேண்டும். பிந்தினால் குஞ்சு விழுந்து இரண்டு கால் மட்டும் மேலே தெரியும். மூன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவுதான். அதற்குள் என் தலை போய்விட்டது. தலை நிமிர்ந்தபோது எதிரே முக்காலியில் முத்திரைத்தாள் இருந்தது.

"சீலிங் தொந்தரவு தெரியுமில்ல உனக்கு? இத்தன ஏக்கருக்கு மேல ஒருத்தன் வச்சுக்கப்படாதுங்கறான். எந்த ஆட்சி வந்தாலும் எனக்கு இந்தத் தலைவலி விடமாட்டேங்குது. குத்தகைக்காரனே எழுதிக் குடுத்த கடுதாசின்னு ஒண்ணு இருந்தா அதிகாரி வாய மூடிப்பான். மத்தபடி நீ பாட்டுக்கு உழு, நான் பாட்டுக்கு இருக்கேன்."

"அதுக்கென்னங்கய்யா."

அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை. கொடுத்தவர் முகத்துக்கு எதிரே படித்துப் பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது போல. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்துவிட்டுத் தன் பெயரைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு நிலத்துக்காரர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துத் தன் கையாலேயே நீட்டினார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வெற்றிலை மாற்றினால் கல்யாணம் நிச்சயம். வெற்றிலை வாங்கினால் பேச்சு நிச்சயம். வாங்கியவன் பேச்சு மாறினால் அவன் வீட்டில் சம்பந்தம் செய்யமாட்டார்கள். கொடுத்தவரையும் அது கட்டும் என்று அப்பா நினைத்தார். காகிதத்தில் எழுதியிருப்பது அதிகாரிக்கு, வெற்றிலைதான் தனக்கு என்று நினைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்.

"அம்மாகிட்ட என்ன சொல்லுவே?"

"பொம்மை குடுத்தாங்க."

"ம். காப்பி குடுத்தாங்க. நாற்காலில உக்காரச் சொன்னாங்க. அதையும் சொல்லு."

"கையெழுத்து?"

"அது எதுக்கு அவளுக்கு."

எனக்கு அந்தப் பெட்டி நாலு நாளில் அலுத்துவிட்டது. பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது விளையாட்டே இல்லை. அது வந்த அட்டைப்பெட்டியில் பால் பல் விழாத ஒரு குழந்தையின் படம் போட்டிருந்தது. ஊரில் என் கூட்டாளிகளுக்குக் காட்டினேன், எல்லாரும் ஒரு முறை அமுக்கிப் பார்த்தார்கள், பிறகு கிட்டிப்புள்ளுக்குப் போய்விட்டோம். பெட்டி மாடத்தில் கிடந்தது.

அப்பா அதைக் கையில் எடுத்தது வைகாசிக் கடைசியில். முதலில் என்னிடம் சண்டைதான் போட்டார்.

"எந்த ஊர்லடா வாத்து தண்ணில முழுகும்?"

"அது பொம்மைப்பா."

"பொம்மையா இருந்தா? வாத்துக்கு எதுக்குப் பலகை? எறங்குனா தானா நீஞ்சிப் போயிடுது. இத செஞ்சவன் வாத்தப் பாத்திருக்கமாட்டான்."

சொல்லிக்கொண்டே விரலை வைத்தார். கட்டைவிரல் இரண்டு பொத்தானையும் சேர்த்து மூடியது. ஏர்க்காலும் மண்வெட்டியும் பிடித்த விரல். பலகைப் பையன் நடுவில் நின்று நடுங்கினான், மூன்று குஞ்சும் விழுந்தன. பிறகு அவர் சுண்டுவிரல் நகத்தால் அமுக்கப் பழகிக்கொண்டார். பெட்டியை இடது கையில் ஏந்தி, மூக்குக்கு நேரே பிடித்து, வலது சுண்டுவிரலால் கொத்துவார். பார்ப்பதற்குக் குருவி தீனி பொறுக்குவது போல இருக்கும்.

"வாத்து மேய்க்கிறவன்கூட வாத்த இப்படிப் பாக்கமாட்டான்" என்பாள் அம்மா.

"நீயும் ஒரு தடவ அமுக்கிப் பாரேன்."

"எனக்கு நெசமாவே ரெண்டு கோழி இருக்கு, அதப் பாத்தாப் போதும்."

அப்போது அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அந்தப் பதினைந்து இருபது நாள்தான்.

ஆனியில் மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை. குறுவைக்கு விதைநெல் எடுத்து வைத்திருந்தோம், அது மூட்டையிலேயே இருந்தது. ஆற்றில் மணல் காய்ந்து பையன்கள் பந்து ஆடினார்கள். வயலில் வெடிப்பு விழுந்தது. எங்கள் வயல் வெடிப்பில் என் முழங்கை வரை உள்ளே போகும். ஊரில் ஆண்கள் எல்லாரும் டீக்கடை வாசலில் உட்கார்ந்து, எந்தக் கட்சி ஆட்சியில் தண்ணீர் சரியாக வந்தது என்று சண்டை போட்டார்கள். இரண்டு கட்சிக் கொடிக்கம்பமும் அந்த வாசலிலேயே இருந்ததால் சண்டைக்கு வசதி. அப்பா மட்டும் கொட்டகையில் மாட்டுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட மரக்காலின் மேல் உட்கார்ந்து குஞ்சுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்த வாரத்தில் சங்கத்துக்காரர் சைக்கிளில் வந்தார். விவசாயிகள் சங்கத்தில் எங்கள் பகுதிக்குச் செயலாளர். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, உங்க நிலத்துக்காரர் நிலத்த விக்கிறாரு. பித்தளைக் கடைக்காரர் ஒருத்தரு பேசி முடிச்சுட்டாரு. உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அப்பாவின் சுண்டுவிரல் நின்றது. குஞ்சுகள் ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தன. முடிந்ததற்கான சத்தம் வந்தது.

"ஐயா அப்படிச் செய்யமாட்டாரு தம்பி."

"செஞ்சுட்டாருங்கறேன். இப்ப உங்களுக்கு ஒரே வழிதான். நாந்தான் உழுவறேன்னு தாசில்தார்கிட்ட மனுக் குடுத்துப் பதிஞ்சுட்டா, நிலம் யார் கைக்குப் போனாலும் உங்கள எறக்க முடியாது. பக்கத்து வயக்காரங்க ரெண்டு பேரு சாட்சி சொல்றேன்னுட்டாங்க. நீங்க வந்து, நான் உழுவறேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அம்மா உள்ளேயிருந்து வந்து நின்றாள். "குடுங்க தம்பி, எங்க கையெழுத்து?"

"அவர் போடணும் அக்கா."

அப்பா போட்டார். அதையும் படிக்கவில்லை. சங்கத்துக்காரர் போன பிறகு நான் கொட்டகைக்குப் போனேன்.

"அப்பா, அன்னிக்குக் கும்பகோணத்துல போட்டீங்களே, அது?"

மாடு அவர் தோளை நக்கிக்கொண்டிருந்தது.

"வெத்தலை வாங்கியிருக்கு" என்றார்.

அதன் பிறகு அவர் விளையாடியது வேறு மாதிரி. அதுவரை விழுந்தால் திட்டுவார், தொடையில் தட்டிக்கொள்வார். இப்போது சத்தமே இல்லை. சோறு போட்டு அழைத்தால் வருவார், சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்ததும் திரும்பிப் போவார். முந்நூறு எடுத்தார், ஐந்நூறு எடுத்தார். ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி மூலையில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்று இருந்தது. இன்னொரு குஞ்சு ஏறியது. அதற்கு அடுத்தது ஏறியதும் எண் பூஜ்யம் ஆகி, முதலிலிருந்து குஞ்சுகள் மெதுவாகக் கிளம்பின.

"பாத்தியா. முடியற வெளையாட்டே இல்ல இது."

அதை அவர் சந்தோஷமாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சிரிப்பு போய்விட்டிருந்தது. விசாரணை நாள் குறித்துக் காகிதம் வந்தது. அதை அவள் சாமி படத்துக்கு அடியில் செருகி வைத்தாள். தினமும் ஒரு முறை அதை எடுத்துத் துடைத்து வைப்பாள். அப்பாவிடம் என்ன பேசவேண்டும் என்று அவளே சொல்லிக்கொடுப்பாள்.

"எத்தன வருஷமா உழுவறேன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"எங்கப்பா காலத்துலேருந்து."

"அத எங்கிட்ட குனிஞ்சுக்கிட்டு சொன்னாப் போதாது. நிமிந்து பாத்துச் சொல்லணும்."

"சரி."

"அந்தப் பெட்டியக் கீழ வச்சுட்டுச் சொல்லுங்களேன்."

இந்த நாட்களில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அம்மாவிடம் வேண்டாம், சங்கத்துக்காரரிடம் சொல்லியிருக்கலாம். பல வருஷம் கழித்து, ஒரு ரயில் பயணத்தில் என் எதிரே ஒரு வக்கீல் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பேச்சுவாக்கில் கேட்டேன். "குத்தகைய விட்டுட்டேன்னு எழுதி வாங்குன கடுதாசி அப்போ மூட்டை மூட்டையா வரும்" என்றார். "உழுவறவன் நேர்ல வந்து, ஏமாத்தி வாங்குனாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். தாசில்தார் அத ஓரமா வச்சிடுவாரு. எவனும் சொல்லமாட்டான், அதான் கஷ்டம்." ஏன் சொல்லமாட்டான் என்று நான் அவரைக் கேட்கவில்லை. நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, வெற்றிலை நீட்டியவரை ஏமாற்றுக்காரர் என்று நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும். அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அப்பாவுக்கு அது இல்லை. அந்தக் காகிதத்தை எதுவும் மாற்றமுடியாது என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

விசாரணை அன்று அம்மா அப்பாவுக்கு வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் எடுத்துக்கொடுத்தாள். துணைக்கு என்னை அனுப்பினாள். "பெட்டிய எடுக்கவிடாத" என்று என் காதில் சொன்னாள். அவர் அதற்கு முன்பே இடுப்பு வேட்டி மடிப்பில் செருகியிருந்தார். நான் பார்த்தேன், சொல்லவில்லை.

தாலுகா ஆபீஸ் வளாகத்தில் ஒரு வாகைமரம், அதன் அடியில் கல் பெஞ்சு. நாங்கள் அதில் உட்கார்ந்தோம். சாட்சிக்காரர்கள் இரண்டு பேரும் எதிரே டீ குடிக்கப் போனார்கள். சங்கத்துக்காரர் எங்கள் மனு எத்தனையாவது என்று பார்க்கப் பின்பக்கக் கட்டடத்துக்குப் போனார். அப்போது நிலத்துக்காரரின் காரியஸ்தர் வந்தார். கக்கத்தில் மஞ்சள் துணிப்பை. அப்பா எழுந்து நின்றார்.

"என்னப்பா, சௌக்கியமா? மழை உண்டா உங்க பக்கம்?"

"இல்லீங்க."

"ஐயா உன்ன விசாரிச்சாரு. மனு கினுன்னு கேள்விப்பட்டு வருத்தப்பட்டாரு."

காரியஸ்தர் துணிப்பையை ஒரு முறை தட்டிவிட்டு உள்ளே போனார். அவர் அதட்டவில்லை, மிரட்டவில்லை.

அப்பா உட்கார்ந்து பெட்டியை எடுத்தார். மூக்குக்கு நேரே பிடித்தார். சுண்டுவிரல் கொத்த ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் டவாலிச் சேவகன் படிக்கட்டுக்கு வந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டான். அந்தப் பெயர் அங்கே அவ்வளவு சத்தமாகக் கேட்டது. மரத்திலிருந்த காக்கைகூட எழுந்து பறந்தது.

"அப்பா, கூப்பிடுறாங்க."

சுண்டுவிரல் கொத்திக்கொண்டே இருந்தது. டவாலி இரண்டாவது முறை கூப்பிட்டான். நான் அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"இரு. இந்தக் குஞ்சு ஏறிடட்டும்."

நான் எட்டி உள்ளே பார்த்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. தாய் வாத்து இல்லை, வாய்க்கால் இல்லை, எண் இல்லை. வெறும் சாம்பல் நிறம், அதில் வாகை இலையின் நிழல். உள்ளேயிருந்த பொத்தான் பேட்டரி முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது. கடிகாரக் கடையில் கேட்டதற்கு அந்த அளவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், கேட்டு வந்தவன் நான்தான். அவர் அந்த வெறும் கண்ணாடியைப் பார்த்து இடது பொத்தானை அமுக்கினார், வலது பொத்தானை அமுக்கினார், கொஞ்சம் நிதானித்து மறுபடி இடது.

டவாலி மூன்றாவது முறை கூப்பிட்டான். கொஞ்சம் காத்திருந்தான். பிறகு வேறு ஒரு பெயரைக் கூப்பிட்டான். ஒரு பெண்மணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் படியேறினாள்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். படிக்கட்டு பத்தடி தூரம். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார்.

சங்கத்துக்காரர் ஓடிவந்தார்.

"அண்ணே, மூணு தடவ கூப்பிட்டாங்களாமே. காதுல விழலையா?"

"கவனிக்கல தம்பி. வெளையாட்டு மும்முரத்துல இருந்துட்டேன்."

"எதுல?"

அப்பா பெட்டியின் கண்ணாடியைக் கையால் மறைத்துப் பிடித்துக் காட்டினார். சங்கத்துக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. ஆள் ஆஜராகவில்லை என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் காரியஸ்தர் இறங்கி வந்தார். மஞ்சள் பை போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. அதை அவிழ்த்துக் கும்பகோணத்துக் கடுதாசியை எடுக்க அவருக்கு வேலை வரவில்லை. போகும்போது அப்பாவைப் பார்த்துத் தலையை அசைத்தார், கல்யாண வீட்டில் தெரிந்தவரைப் பார்த்து அசைப்பது போல.

சங்கத்துக்காரர் எங்களுடன் வரவில்லை. சைக்கிளில் முன்னாலேயே போய் அம்மாவிடம் சொல்லிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசலில் நின்றாள். அப்பாவை அவள் கேட்கவில்லை. அவர் கொட்டகைக்குப் போனார். என்னைக் கேட்டாள்.

"நீ பக்கத்துலதானே இருந்தே?"

"ஆமா."

"நெசமாவே வெளையாடிக்கிட்டா இருந்தாரு?"

"ஆமாம்மா."

"எவ்ளோ எடுத்தாரு?"

"முந்நூத்துச் சொச்சம்" என்றேன்.

என் ஆயுசில் நான் சொன்ன பொய்களில் நன்றாகச் சொன்னது அது ஒன்றுதான். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். பெட்டியை உடைத்து அடுப்பில் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. அடுத்த நாள் தண்ணீருக்குப் போனபோது பெண்களிடம் அவளே சொன்னாள், "எங்க வீட்டுக்காரர் வாத்து மேய்க்கப் போயிட்டாரு." அதிலிருந்துதான் ஊர் சிரிக்க ஆரம்பித்தது. ஏமாந்தவன் என்று சிரித்திருந்தால் அப்பாவால் தாங்கியிருக்க முடியாது. பைத்தியக்காரன் என்று சிரித்ததை அவர் சாகும்வரை தாங்கினார்.

புரட்டாசியில் தண்ணீர் வந்தது. பித்தளைக் கடைக்காரரின் டிராக்டர் வந்து எட்டு மாவையும் ஒரே நாளில் உழுதுவிட்டுப் போயிற்று. அப்பா மாட்டை வைத்து உழுதால் எட்டு நாள் ஆகும். சம்பா நடவுக்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். அம்மா போனாள். நான் அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். வரிசையில் பதினெட்டுப் பேர் குனிந்திருந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்ற அம்மாவை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. எங்கள் வயல் நடவின்போது அவள் வரப்பில் நின்று நாற்றுமுடி எடுத்துப் போடுவாள், வெற்றிலை கொடுப்பாள். வேலை பார்க்கவந்த மேஸ்திரி வரப்பிலிருந்து கேட்டான்.

"இந்த வயல்ல எந்த மூலை பள்ளம்? தண்ணி அங்க கட்டிக்கிட்டா நாத்து அழுகிடும்."

பெண்கள் குனிந்தபடியே நட்டார்கள். அம்மா நிமிர்ந்தாள்.

"வடகெழக்கு மூலை. மடையக் கொஞ்சம் தாழ்த்தி வெட்டிவிடுங்க, வடிஞ்சிடும்."

மேஸ்திரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அவள் குனிந்து அடுத்த நாற்றை ஊன்றினாள். நான் தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா கொட்டகையில் இருந்தார். மாடுகள் விற்றாகிவிட்டன, மரக்கால் மட்டும் இருந்தது. கையில் பெட்டி, புது பேட்டரி இல்லாத பெட்டி. சுண்டுவிரல் கொத்திக்கொண்டிருந்தது. நான் பையில் துணியை எடுத்து வைத்ததை அவர் பார்த்தார்.

"எங்க?"

"சும்மா, நீடாமங்கலம் வரைக்கும்."

"சரி. ஓரமாப் போ" என்றார்.

அப்படித்தான் அந்த வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தேன். ரயில்வே கேட்டை அடைந்தபோது அது மூடியிருந்தது. அந்தக் கேட் மூடினால் எளிதில் திறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். வண்டிகள் நீளமாக நின்றன. அதில் ஒரு லாரி கும்பகோணத்தில் தேங்காய் இறக்கிவிட்டுக் காலியாகப் பேராவூரணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ஏறிக்கவா?"

"எங்க போற?"

"நீங்க போற எடத்துக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு கடலையை என் கையில் போட்டார். "பின்னாடி ஏறு. படுதா மேல உக்காரு, பறந்துடாமப் பாத்துக்க" என்றார். நான் படுதா மேல் உட்கார்ந்தேன். கேட் திறந்தது. மன்னார்குடி தாண்டியபின் வயல் குறைந்தது, தென்னை கூடியது. ஒரு இடத்துக்குப் பிறகு வயலே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று தேங்காய்க் களத்துக் கொட்டகையில் படுக்கச் சொன்னார் டிரைவர். காலையில் களத்துக்காரர் வந்தார். மட்டை உரிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் கடப்பாரையை நட்டு வேலையை ஆரம்பித்திருந்தார்கள். உரித்த மட்டையை அள்ளிக் குவிக்க ஆள் வேண்டும் என்று டிரைவர் சொல்லியிருந்தார்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"நெல்லுக்காட்டுப் பயலா. ஒங்க பக்கத்து ஆளுங்கள நான் வச்சுக்கறதில்ல தம்பி. அறுப்பு வந்தா ஒரு நாளு, நடவு வந்தா ஒரு நாளு, எங்க வயலப் பாக்கணும்னு ஓடிருவானுங்க. ஒங்களுக்கு நெலம் எவ்ளோ?"

நிலம் போயிற்று என்று அம்மா இன்னும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. கேட்ட வெளியூர்க்காரர்களிடம் எல்லாம் எட்டு மா என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"எங்களுக்கு நெலம் கெடையாதுங்க" என்றேன்.

"நெசமா?"

"நெசமாத்தாங்க."

அவர் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். "கூடை அங்க கெடக்கு, எடுத்துக்க" என்றார்.

போய் எடுத்தேன்.